வெள்ளிக்கிழமைச் சட்டி

நான் வேலை செய்யும் பள்ளிக்கூடத்தின் சுவரில் சிலுவை இல்லை, சாமி படம் இல்லை, சமயப் பாடமும் இல்லை. பிரான்சில் அரசாங்கப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் அப்படித்தான். கடவுள் வெளி வாசலோடு நின்றுவிட வேண்டும். ஆனால் வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் பிள்ளைகளுக்கு மீன். திங்களில் கோழி வரும், செவ்வாயில் மாடு வரும், மற்ற நாட்களில் என்னென்னவோ மாறி மாறி வரும். வெள்ளி மட்டும் அசையாது. ஏன் என்று கேட்டால் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. எங்கள் கந்தீனுக்கு, அதாவது பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்துக்கு, பொறுப்பாக இருக்கும் மதாம் ஒதில் தோளைக் குலுக்கிவிட்டு, வாந்த்ரெதி என்றால் புவாசோன்தானே, வெள்ளி என்றால் மீன்தானே என்கிறார். அவர் கோயில் பக்கமே போகாதவர். கடவுளை வெளியே விட்டுவிட்டு அவருடைய சாப்பாட்டை மட்டும் உள்ளே எடுத்து வைத்திருக்கிறார்கள் என்பது என் வீட்டுக்காரரின் கருத்து.

வேலைக்குச் சேர்ந்து வந்த முதல் வெள்ளியை நான் மறக்கமாட்டேன். பெரிய தட்டங்களில் வெள்ளை வெளேரென்று மீன் துண்டுகள் கிடந்தன. அவற்றின் மேல் மதாம் ஒதில் பசுப்பாலின் ஆடையைக் குடம் குடமாக ஊற்றிக்கொண்டு நின்றார். நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். ஊரில் மீன் சாப்பிட்ட கையோடு தயிர்ச் சட்டிக்குக் கிட்டப் போனாலே தோலில் வெள்ளை படரும் என்று அம்மா அதட்டுவார். சரி, தேங்காய்ப்பால் இல்லாத ஊர், பாவங்கள், என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஒரு துண்டைத் திருப்பிப் பார்த்தேன். முள்ளே இல்லை. நடுவில் ஒரு குருத்தெலும்பு மட்டும். சுறா. இங்கே அதற்குப் பெயர் சொமொனெத். குட்டிச் சால்மன் என்று அர்த்தமாம். சால்மனுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தலையை வெட்டி, தோலை உரித்து, பெயரை மாற்றி விற்கிறார்கள். பெயரை மாற்றிக்கொண்டு எல்லை கடந்து வந்து சேர்ந்த எங்கள் ஆட்கள் சிலரை நினைத்து நான் தனியே சிரித்தேன். எங்கள் நாட்டுக் கரையில் பிள்ளை பெற்றவளுக்கென்று தேடித் திரிந்து கொடுக்கிற மீன், இங்கே மூக்கு ஒழுகுகிற பொடியன்களின் தட்டில் பாதி தின்றபடி கிடந்தது.

சமைத்தவர்கள் பரிமாறுமுன் ருசி பார்க்கவேண்டும் என்பது அந்தச் சமையற்கூடத்தின் சட்டம். மதாம் ஒதில் ஒரு கரண்டியை என் வாயருகே நீட்டினார். எனக்குத் தெரிந்த நாலு பிரெஞ்சுச் சொற்களைப் பொறுக்கி, வெள்ளிக்கிழமை நான் மீன் சாப்பிடுவதில்லை என்றேன். அவர் என் கழுத்தைப் பார்த்தார். அதில் தாலியோடு என் மாமியார் போட்டுவிட்ட மாதா பதக்கமும் கிடக்கிறது. இல்லை, இல்லை, வெள்ளிக்கிழமை இறைச்சிதான் கூடாது, மீன் சாப்பிடலாம், என்று அவர் மிக அன்பாக என்னைத் திருத்தினார். தன் சமயத்தைத் தப்பாகப் பாடமாக்கிவிட்ட ஒருத்திக்கு எடுத்துச் சொல்வதுபோல. நான் தலையை ஆட்டினேன், வாயைத் திறக்கவில்லை. எனக்கு மீன் ஒத்துக்கொள்ளாது என்று முடிவெடுத்தார் போலும். அடுத்த வெள்ளியிலிருந்து எனக்கென்று தனியாக ஒரு முட்டைப் பொரியல் வந்தது. வெள்ளிக்கிழமையில் முட்டையும் எனக்கு ஆகாது என்பதை விளங்கப்படுத்தப் போதிய பிரெஞ்சு என்னிடம் அப்போது இல்லை. முட்டையைப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் தள்ளிவிட்டு உருளைக்கிழங்கைத் தின்றேன்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் இருமல் வரும்வரை சிரித்தார். சிரிக்க அவருக்கு உரிமை உண்டு. இதே பிழையை மறுபக்கத்தில் நின்று விட்டவர் அவர். அந்தப் பிழைதான் எங்கள் கலியாணம்.

எங்கள் குடும்பம் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வன்னியில் கண்டாவளைப் பக்கம் குடியேறியபோது நான் சிறுமி. குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் வரும், நெல் விளையும், காணி சொந்தமாகும் என்று ஐயாவுக்கு ஆசை. என் தகப்பனாரை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். காடு வெட்டி, வரம்பு கட்டி, பாம்புக்கும் பன்றிக்கும் நடுவில் ஒரு கொட்டில் போட்டார். அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்தது சில தட்டுமுட்டுச் சாமான்களும் வெள்ளிக்கிழமையும். வியாழன் பின்னேரமே மீன்சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, வேலிக் கதியாலில் கவிழ்த்துவிடுவார். அது சனிக்கிழமைவரை குசினிக்குள் வராது. மரக்கறிச் சட்டி வேறு, அதன் அகப்பை வேறு. வெள்ளி விடிந்தால் சாணம் தெளித்து, தலை முழுகி, வீடு முழுவதும் சாம்பிராணி. எங்கள் வீடு மட்டுமல்ல, அந்தக் குடியேற்றத்தில் எல்லா வீடும் அப்படித்தான். புது மண்ணில் வேறெதுவும் பழையதாக இருக்கவில்லை. வெள்ளிக்கிழமையாவது பழையபடி இருக்கட்டும் என்று பிடித்துக்கொண்டார்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

மீன் எங்களுக்கு முல்லைத்தீவுக் கரையிலிருந்து சைக்கிளில் வரும். பின்னால் மரப்பெட்டி கட்டிய சைக்கிள்கள் பரந்தன் வீதியால் வந்து, எங்கள் மண் ஒழுங்கைகளில் இறங்கி, ஊதுகுழலை அமுக்கும். வழக்கமாக வந்த மனிதருக்குக் காய்ச்சல் என்று ஒருமுறை அவருடைய உறவுக்காரப் பொடியன் ஒருவன் முதல்தடவையாக வந்தான். வந்தது வெள்ளிக்கிழமை. வந்ததும் சும்மா அல்ல, பெட்டி மூடமுடியாத அளவுக்கு மீனோடு. ஊதிக்கொண்டு ஒழுங்கையில் நுழைய, ஒவ்வொரு வீட்டுப் படலையாகச் சாத்திக்கொண்டது. எங்கள் நாய் மட்டும் அவனை மரியாதையாக வரவேற்றது. முழுகிய தலையோடு அம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமையில என்ன துணிவில மீனோட வந்து நிக்கிறாய்?"

"வெள்ளிக்கிழமை எண்டபடியாத்தானே அக்கா, கனக்கக் கொண்டந்தனான்."

அவன் பகிடி விடவில்லை. அவனுடைய கரையில் எல்லோரும் வேதக்காரர், கத்தோலிக்கர். வெள்ளிக்கிழமை இறைச்சி விலக்கு, ஆகவே வீட்டுக்கு வீடு மீன். உலகம் முழுவதற்கும் வெள்ளி மீன்நாள் என்று நம்பி, பெட்டி முழுவதும் விற்றுத் தீர்ந்துவிடும் என்று அத்தனை மைல் மிதித்து வந்திருக்கிறான். பெட்டியின் அடியால் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

ஐயாதான் வழி சொன்னார். காணிக்கு வெளியே நின்ற பாலை மரத்தடியில் இருந்து மீனைக் கீறி உப்புப் போடச் சொன்னார். உப்பு எங்கள் வீட்டில் இருந்தது. அம்மா ஒரு நிபந்தனை போட்டார்: உப்பு வெளியே போகலாம், கொண்டுபோகிற ஏனம் திரும்பி உள்ளே வரக்கூடாது. ஆகவே சிரட்டை சிரட்டையாக நான் உப்புக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு சிரட்டை அங்கேயே தங்கிவிட்டது. கடைசியில் மரத்தடியில் மீனைவிடச் சிரட்டை கூட. ஊர்ச்சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றிப் போனது. அவன் தலை நிமிராமல் கீறிக்கொண்டிருந்தவன், ஒருமுறை மட்டும் மெல்லக் கேட்டான், வெள்ளிக்கிழமையில் நீங்கள் என்னதான் தின்கிறீர்கள் என்று. பருப்பு என்றேன். நாள் முழுக்கவோ என்று அவன் கேட்ட தோரணையில், எனக்கு யாரோ செத்துவிட்டதுபோல அனுதாபம் இருந்தது. அவன் பெயர் மரியதாஸ். அடுத்த கிழமை அந்தக் கருவாட்டில் ஒரு கட்டு ஐயாவுக்கு வந்து சேர்ந்தது. அம்மா அதைக் கத்தரிக்காயோடு சமைத்தார். வந்த நாள் புதன் என்பதால் அவரால் குறை சொல்லவும் முடியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நான் விரிக்கப்போவதில்லை. மீன் வாங்கப் படலைக்குப் போகிறவள் கொஞ்சம் கூட நேரம் நின்றால் என்ன நடக்குமோ அது நடந்தது. என் வீட்டில் சாமி அறைக்கு முன்னால் வைத்துச் செய்ய அம்மா சம்மதிக்கவில்லை. நான் சைவம் என்பதால் என் வீட்டுக்காரரின் கோயிலில் பீடத்துக்கு முன்னால் வைத்துச் செய்யப் பங்குச் சாமியாருக்கு அனுமதி இல்லை. பூசை உடுப்புகள் வைக்கும் பக்கத்து அறையில், ஒரு அலுமாரிக்கும் ஒரு கதிரைக்கும் நடுவில் எங்கள் கலியாணம் நடந்தது. ஐயா வந்து பின்னால் நின்றுவிட்டுப் போனார். அம்மா வரவில்லை. அந்த வீட்டில் பச்சைத் தண்ணீரும் குடிக்கமாட்டேன் என்று சொன்னதாக ஐயா போகிறபோக்கில் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மா கோபத்தில் சொன்னதைக் கோபம் ஆறியபிறகும் காப்பாற்றுகிறவர். அது எனக்குத் தெரியும், அதனால்தான் அழுதேன்.

கரைக்குப் போனபிறகுதான் ஒன்று விளங்கியது. மீனோடு வாழ்கிறவர்களுக்கு மீனில் விலக்கே இல்லை என்று நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம். விலக்கு அவர்களிடம்தான் கூட. எங்களுக்குக் கிழமையில் விலக்கு, அவர்களுக்கு மீனில் விலக்கு. எந்த மீன் கிரந்தி, அதாவது உடம்பில் சொறியையும் புண்ணையும் கிளப்பும், எது கிரந்தி இல்லை என்று மாமி, என் வீட்டுக்காரரின் தாய், கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். வயிற்றில் பிள்ளை என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சூரை இல்லை, நண்டு இல்லை, இறால் இல்லை. கணவாய் தின்றால் பிள்ளைக்கு எலும்பு வலுக்காது என்று அதுவும் இல்லை. புது வலையில் முதல் விழும் மீனை வீட்டில் ஒருவரும் வாயில் வைப்பதில்லை, அது கோயிலுக்கு. காய்ச்சலுக்கு ஒரு மீன், காய்ச்சல் விட்டபின் ஒரு மீன். கடலே காலடியில் கிடந்தும் என் தட்டில் ஒட்டி மீனும் விளை மீனும் மட்டும் மாறி மாறி வந்தன. வெள்ளிக்கிழமைகளில் நான் மீன் தொடுவதில்லை என்பதை மாமி ஏற்றுக்கொண்டார், ஆனால் அவருக்கு அது ஒரு நோய்போலத்தான் தெரிந்தது. அந்த வீட்டில் மீன் படாத சட்டி என்று ஒன்று இருக்கவில்லை. வெள்ளிகளில் நான் சோற்றை வாழைப்பழத்தோடு பிசைந்து சாப்பிடுவதைப் பார்த்து அவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்வார்.

இதையெல்லாம் இப்போது எழுதத் தோன்றியதற்குக் காரணம் என் மகள் நிர்மலா. நிர்மலா என்ற பெயரை மாதாவின் பெயர் என்று மாமியும், அம்மனின் பெயர் என்று அம்மாவும் சொல்லிச் சந்தோசப்பட்டார்கள். யுத்தத்தில் நாட்டை விட்டு நாங்கள் வந்த கதை இதை வாசிக்கிற உங்கள் எல்லோருக்கும் தெரிந்த கதைதான், அதை விடுகிறேன். நிர்மலா இங்கே வந்து, படித்து, லுயிக் என்ற பிரெஞ்சுக்காரரை மணம் முடித்துக்கொண்டாள். அவரும் மீன்பிடிக் கரையில் பிறந்தவர். தகப்பன் பிரான்சின் மேற்கில் பிரெத்தாஞ் கடலில் படகோட்டியவர். கலியாணத்துக்கு முன் அவரைச் சோதிக்கவென்றே என் வீட்டுக்காரர் கடல் கதை எடுத்தார். தங்கள் படகில் முயலின் பெயரை ஒருவரும் உச்சரிக்கமாட்டார்கள், நீண்ட காதுக்காரன் என்றுதான் சொல்வார்கள், சொன்னால் படகுக்கு ஆகாது என்று லுயிக் தாழ்ந்த குரலில் சொன்னார். அவர் சொன்னதும் இவருடைய முகம் மலர்ந்துவிட்டது. எங்கள் கரையிலும் வள்ளத்தில் சொல்லக்கூடாத பெயர்கள் உண்டல்லவா. பிறகு இருவரும் ஒருவர் சொல்வது ஒருவருக்குப் பாதிதான் விளங்க, பின்னேரம் முழுவதும் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

நிர்மலா பிள்ளைத்தாய்ச்சியானபோது வைத்தியர் பச்சை மீனும் சிப்பியும் கூடாது என்றாராம். எனக்கு ஒரே சந்தோசம். எதையும் எந்த நாளிலும் தின்கிற இந்த நாட்டிலும் கடைசியில் விலக்கு இருக்கிறது. பிள்ளை பிறந்தபிறகு என்ன கூடாது என்று கேட்டுப் பார்க்கச் சொன்னேன். ஒன்றும் இல்லை, எல்லாம் சாப்பிடலாம் என்றார்களாம். அந்த இடத்தில்தான் எனக்குப் பகீரென்றது. பிள்ளை பெற்ற உடம்புக்கு ஒரு காவலும் இல்லை என்றால் என்ன அர்த்தம்? அவள் பிறந்த மாரிகாலம் என் கண்ணுக்கு முன் வந்தது.

தலைப்பிள்ளை தாய் வீட்டில்தான் பிறக்கவேண்டும். அம்மா கூப்பிடுவார் என்று கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிடவில்லை. அறுபதுகளின் நடுப்பகுதி அது. வாடைக்காற்று தொடங்கி, கடல் கொந்தளித்து, வள்ளங்கள் கரையில் ஏற்றப்பட்டிருந்த நேரத்தில் நிர்மலா பிறந்தாள். எனக்குப் பால் சுரக்கவில்லை. துளித் துளியாக வந்தது அவளுக்குப் போதவில்லை. தகரப் பால்மாவைக் கரைத்துக் கொடுத்தால் கக்கினாள். அழுகை நாளுக்கு நாள் மெலிந்து, கடைசியில் பூனைக்குட்டி முனகுவதுபோல் ஆகிவிட்டது. மாமிக்கு மருந்து தெரியும்: பால்சுறா. மிளகும் உள்ளிப்பூண்டும் போட்டுக் காய்ச்சிக் கொடுத்தால் கல்லும் சுரக்கும் என்பார். ஆனால் கடலுக்குப் போனால்தானே சுறா. அலையில்லாத நந்திக்கடல் களப்பில் இறால் அள்ளக் குறையாமல் கிடந்தது. ஊர் முழுக்க இறால் மணம். எனக்கு ஒரு இறால் கிடையாது; கிரந்தி. மாமி ஒருநாளைக்கு எத்தனை தடவை கரைக்குப் போய்க் காற்றைப் பார்த்துவிட்டு வந்தார் என்று சொல்லமுடியாது.

ஐயா மழையில் நனைந்துகொண்டு பஸ் ஏறி வந்து பிள்ளையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுத் திருப்பித் தந்து, அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். வீட்டில் போய் என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அடுத்த வெள்ளிக்கிழமை காலை அம்மா தனியாக வந்து படலையில் நின்றார். வெள்ளிக்கிழமை என்று பார்த்தே வந்திருப்பார் என்பது என் எண்ணம். சாப்பிடாமல் திரும்பிப் போக அதைவிட நல்ல நியாயம் வேறென்ன இருக்கிறது.

அன்று விடியப்புறம் காற்றுக் கொஞ்சம் ஓய்ந்திருந்தது. என் வீட்டுக்காரரும் அவருடைய தமையனும் மாமி தடுக்கத் தடுக்க வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போய், இரண்டு சிறிய பால்சுறாக்களோடு திரும்பியிருந்தார்கள். மாமி அடுப்பை மூட்டி, சுறாவைச் சுடுதண்ணீரில் போட்டுத் தோல் சுரண்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அம்மா வந்தார். இருவரும் அதுவரை ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. மாமி எழுந்தார். அம்மாவின் ஈரத் தலையையும் நெற்றித் திருநீற்றையும் பார்த்தார். சுறாவை ஒரு சட்டிக்குள் வைத்து மூடினார், கையைக் கழுவினார், எரிகிற கொள்ளிகளை இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்தார். இன்றைக்கு இந்தக் குசினியில் மீன் இல்லை, உள்ளே வாருங்கோ, என்றார். எத்தனை நாட்களாக அந்தச் சுறாவுக்காகக் காற்றோடு சண்டை பிடித்தவர் என்பது எனக்குத்தான் தெரியும். என் பால் ஒரு நாள் பிந்தும் என்பதும் தெரியும். அந்த இடத்தில் நான் யாரைக் கோபிப்பது என்று தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டேன்.

அம்மா என் பக்கத்தில் பாயில் இருந்தார். பிள்ளையை எடுத்தார். அதுவரை என் மார்பைத் தேடித் தேடிச் சப்பியும் ஒன்றும் வராமல் கிடந்தவள், அந்த மெலிந்த குரலில் அழுதாள். அம்மா அவளுடைய காலைப் பிடித்துப் பார்த்தார், கையைப் பிடித்துப் பார்த்தார். என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்டார். சுறா கிடைத்திருக்கிறது, நாளைக்குக் காய்ச்சுவார்கள் என்றேன். எங்கள் பக்கத்து வழக்கப்படி துடக்குத் தீட்டுக் கழியுமுன் பிள்ளை பெற்றவளுக்கு மீனே கிடையாது. அதைச் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு எழும்பிக் குசினி வாசலுக்குப் போனார்.

"அந்தச் சுறாவ எங்க வச்சனீங்கள்?"

"நாளைக்குக் காய்ச்சுவம் அக்கா. இண்டைக்கு உங்களுக்கு வெள்ளியெல்லோ," என்றார் மாமி.

"பசிக்கிற பிள்ளைக்கு வெள்ளி, சனி தெரியாது. சட்டியைத் தாங்கோ, நான் காய்ச்சிறன்."

அம்மா தன் வாழ்நாளில் வெள்ளிக்கிழமை மீன்சட்டியைத் தொட்டது அன்று ஒருநாள்தான். எனக்குப் படுத்த இடத்திலிருந்து குசினி பாதி தெரிந்தது. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அணைத்த அடுப்பை ஊதி மூட்டினார். சுறாவை எப்படி உதிர்ப்பது, எவ்வளவு மிளகு என்று கேட்டுக் கேட்டுச் செய்தார். உள்ளி இன்னும் போடவேண்டும் என்று தன் பங்குக்கும் ஒன்று சொன்னார். மாமி சிறிது நேரம் பக்கத்தில் நின்றார். பிறகு சட்டென்று படலையைத் திறந்துகொண்டு மழைக்குள் எங்கோ போய்விட்டார். கோபித்துக்கொண்டு போய்விட்டாரோ என்று நான் பயந்தேன்.

அம்மா எனக்குத் தன் கையால் ஊட்டினார். கலியாணத்துக்குப் பிறகு அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல்தடவை. காரம் என்று சொல்லிக்கொண்டு வேண்டிய அளவு அழுதேன். அவர் கிணற்றடிக்குப் போய்த் தலையோடு தண்ணீர் வார்த்து, கையைச் சாம்பல் போட்டும் தேசிக்காய் போட்டும் தேய்த்துவிட்டு வந்தபோது மாமி திரும்பியிருந்தார். கையில் ஒரு புதுச் சட்டி. கடைத்தெருவரை நனைந்துகொண்டு போய் வாங்கியிருக்கிறார். தாழ்வாரத்தில் மூன்று கல் வைத்துத் தனி அடுப்பு மூட்டியிருந்தார், அதில் பருப்பும் கத்தரிக்காயும் வெந்துகொண்டிருந்தன. ஒரு கருவாட்டுத் துண்டுகூடப் போடாமல் மாமி சமைத்த முதல் கறி அது. வாழையிலையைக் கழுவி விரித்தார்.

"இது புதுச் சட்டி. மீன் படேல்ல. இனிமேலும் படாது. சாப்பிடுங்கோ அக்கா."

அம்மா இலையைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார். பச்சைத் தண்ணீர் என்று சொன்ன சொல் அவருக்கு நினைவு வந்திருக்கும். சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனவர், ஒரு கணம் நிறுத்திக் கையை மணந்து பார்த்தார். பிறகு சாப்பிட்டார். உப்புக் குறைவு என்று சொல்லிவிட்டு மறுபடி சோறு போடச் சொன்னார்.

எனக்குப் பால் சுரந்தது. சுறாவாலா, அம்மா வந்ததாலா? வைத்தியம் படித்தவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லட்டும். அந்தச் சட்டி மாமியின் குசினியில் உறியில் தொங்கியது. அம்மா வருகிற நாட்களில் மட்டும் இறங்கும். மாமி அதற்கு வெள்ளிக்கிழமைச் சட்டி என்று பெயர் வைத்திருந்தார். அம்மாவும் மாமியும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சட்டி எந்த இடப்பெயர்வில் உடைந்ததோ தெரியாது.

நிர்மலா பாரிசில் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை. நான் திட்டமிடவில்லை, நாள் அப்படி அமைந்தது. சந்தையில் மீன்காரரிடம் சொமொனெத் கேட்டேன். உரிக்காத தோலோடு வேண்டும் என்றதும் மனிதர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். தோல் எதற்கு என்றார். சுறாதான் என்று உறுதிப்படுத்த என்றேன். அவருக்கு விளங்கவில்லை, ஆனாலும் உள்ளே போய் ஒன்றை எடுத்துவந்தார். மெட்ரோவில் என் பக்கத்தில் இருந்தவர்கள் மெல்ல எழும்பி வேறு இடத்துக்குப் போனார்கள். நான் பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு நிமிர்ந்து இருந்தேன்.

மகளுடைய குசினியில் சுறாவை அவித்து, தோல் சுரண்டி, உதிர்த்து, மிளகும் சீரகமும் அரைத்துப் போட்டேன். உள்ளி இரண்டு மடங்கு, அம்மாவின் பங்கு. வெள்ளிக்கிழமை மீன்சட்டிக்குள் அகப்பை விட்டுக் கிண்டுகிறேன் என்ற எண்ணம் ஒருமுறை நெஞ்சைத் தொட்டுவிட்டுப் போனது, அவ்வளவுதான். நிர்மலாவுக்கு ஊட்டினேன். அவள் பிள்ளையை மார்பில் வைத்துக்கொண்டே வாயைத் திறந்தாள், சின்னப் பிள்ளைபோல. பிறகு கையையும் முகத்தையும் கழுவிவிட்டு, பையில் கொண்டுவந்த வாழைப்பழத்தை எடுத்தேன்.

அம்மா, அந்த மேல்தட்டைத் திறந்து பாருங்கோ, என்றாள் அவள் படுக்கையிலிருந்து. அதில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. அதற்குள் ஒரு புதுச் சட்டி. கடை ஒட்டிவிட்ட தாள்கூட இன்னும் உரிக்கப்படவில்லை. பிள்ளை பிறக்குமுன்னரே லுயிக்கிடம் சொல்லி வாங்குவித்திருக்கிறாள். சின்ன வயதிலிருந்து நான் சொல்லிச் சொல்லி அலுத்த கதையை அவள் கேட்காத மாதிரித்தான் இருந்தாள். கேட்டிருக்கிறாள்.

லுயிக் குசினி வாசலில் நின்றார். இதைத் தொடங்குமுன் ஏதாவது பிரார்த்தனை செய்யவேண்டுமா என்று மிகவும் பயபக்தியாகக் கேட்டார். ஒன்றுமில்லை, மீன் மட்டும் இதில் படக்கூடாது, என்றேன். ஒருபோதுமா என்றார். ஒருபோதும் என்றேன். படகில் சொல்லக்கூடாத பெயரைக் கேட்டவர்போல் அவர் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார். பிறகு ஏதோ நினைத்தவராக, அலுமாரியிலிருந்து ஒரு புது அகப்பையையும் தேடி எடுத்துத் தந்தார். அதை நான் கேட்கவே இல்லை.

ஒட்டுத்தாளை உரித்தபோது பாதி வந்தது, பாதி வரவில்லை. அப்படியே அடுப்பில் வைத்துப் பருப்புப் போட்டேன். பக்கத்து அடுப்பில் சுறா இன்னும் சூடாக இருந்தது. ஒரு சட்டி மாமியுடையது, ஒரு சட்டி அம்மாவுடையது. வெளியே எனக்கு இன்னும் முழுசாக வாசிக்கத் தெரியாத ஒரு நகரம் வெள்ளிக்கிழமைப் பின்னேரத்துக்கு அவசரப்பட்டுக்கொண்டிருந்தது. உள் அறையில் பிள்ளை அழுதாள், பிறகு சப்புகிற சத்தம் கேட்டது, பிறகு சத்தமே இல்லை. நான் சோற்றில் பருப்பை விட்டுப் பிசைந்து வாயருகே கொண்டுபோனேன். எவ்வளவு தேய்த்துக் கழுவியிருந்தும் கையில் சுறா மணந்தது. ஒரு கணம் நிறுத்தினேன். பிறகு சாப்பிட்டேன்.